கரண்டு லோடு வண்டி

“டீசல் காசு மிச்சமுங்க” என்று தலையில் கட்டிவிட்டார்கள். காகிதத்தில் போட்டிருக்கும் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், எல்லாம் ஆய்வகத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த கணக்காம். பொள்ளாச்சித் தேங்காயை ஏற்றி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவிலும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்களேன்! தோட்டத்து மின்சாரம் இலவசம்தான். ஆனால் பம்புசெட் மோட்டாருக்கு மட்டும். வண்டியைச் செருகினால் கேஸ். வீட்டில் செருகினாலோ பில் 500 யூனிட்டைத் தாண்டி ரேட்டே மாறிவிடுகிறது. சரி, சார்ஜிங் ஸ்டேஷனுக்குப் போனால் அங்கே ஒரு பெட்ரோல் கார் ஹாயாக நிற்கிறது. உள்ளே ஒருத்தர் சீட்டைச் சாய்த்துத் தூக்கம். கண்ணாடியைத் தட்டினால், “நிழலா இருந்துச்சுங்க” என்கிறார். மரியாதைக்கு மட்டும் நம் ஊரில் குறைச்சலே இல்லை! அவர் நகர்ந்த அப்புறம் ஆப் சொல்கிறது: ‘காத்திருக்கவும்’. நான் காத்திருப்பேன், பின்னால் இருக்கிற உடுமலைத் தக்காளி காத்திருக்குமா?