"சுமார்" எங்கே போச்சு?

பழைய கையெழுத்துப் பதிவேடு ஒன்றை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வயது என்ற இடத்தில் "சுமார் 40" என்று இருந்தது. அந்தக் கட்டம் எண்ணை மட்டும்தான் வாங்கும், அப்படி அமைத்ததும் நான்தான். 40 என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மாதக்கணக்கில் இதே கதை. பிறகு வயதுவாரியாக வரைபடம் போட்டால் 30, 40, 50 மட்டும் கோபுரம் மாதிரி நிற்கிறது. பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாக ஒரு நிமிடம் நம்பவும் செய்தேன். நான் விழுங்கிய "சுமார்"கள்தான் அங்கே வரிசையாக நின்றன.

தேதியும் இப்படித்தான் ஏமாற்றும். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது நடப்பில் இருந்த நாட்காட்டிப்படி அது 1731 பிப்ரவரி 11. இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி 22. இரண்டும் சரி. ஒரே கட்டம் வைத்திருப்பவர் எதைப் போடுவார்? (எக்செல்லைக் கேட்காதீர்கள். 1900க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே மதிக்காது.)

தரவுத்தளமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் 36,000 கப்பல் பயணங்களை ஒரே இடத்தில் வைத்து அலச முடிகிறதே, ஒரு ஆள் ஏடு ஏடாகப் புரட்டி அதைச் செய்ய ஆயுள் போதாது. பிளையடீஸ் தளம் பண்டைய ஊர் ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் நிலையான முகவரி கொடுக்கிறது. ஒரு அருங்காட்சியகத்தின் நாணயமும் இன்னொன்றின் கல்வெட்டும் அதே முகவரியைச் சுட்டினால் போதும், இரண்டும் சந்தித்துக்கொள்ளும். இணைத்த தரவின் அழகே அதுதான்.

வம்பு வருவது "இதுவும் அதுவும் ஒன்றே" என்று எழுதும் இடத்தில். அப்படி எழுதிவிட்டால், இதைப் பற்றிச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும் என்று கணினி எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அடையாள எண் கொடுக்கும் விக்கிடேட்டா என்ற திறந்த தரவுத்தளத்தில் இஸ்தான்புல் கியூ406, அதே நகரத்தின் பழைய அவதாரமான கான்ஸ்டான்டினோபிள் கியூ16869. நிலம் ஒன்றுதான், எண் இரண்டு. யாரோ யோசித்துப் பிரித்திருக்கிறார்கள்.

நான் யோசிக்கவில்லை. அதே பதிவேட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர், தகப்பனார் பெயரும் ஒன்று, தொழிலும் ஒன்று. ஒரே ஆள்தான் என்று ஒரு அடையாள எண்ணைக் கொடுத்துவிட்டேன். பின்னால் பார்த்தால் 1871இல் செத்தவர் 1874இல் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! அதற்குள் இரண்டு நண்பர்கள் என் கோப்பை வாங்கித் தங்கள் தரவோடு இணைத்தாயிற்று. என் கோப்பைத் திருத்தப் பத்து நிமிடம். அவர்களுடையதைத் திருத்த இன்னும் முடியவில்லை.

இப்போதெல்லாம் ஏட்டில் இருப்பது எழுத்து மாறாமல் ஒரு நெடுவரிசையில், என் ஊகம் பக்கத்தில். இருவரை ஒருவர் என்று சொன்னால் யார் சொன்னது, எப்போது, எதை வைத்து என்பதும் கூடவே. வேலை இரட்டிப்பு, சலிப்பும்தான். சாட்சி போட்டவருக்குத் தனி எண் கொடுத்தாகிவிட்டது. அவர் வயதுக் கட்டத்தில் இப்போது "சுமார் 40" என்றே இருக்கிறது.