தலைக்கு இவ்வளவு என்று துவாலுவை அளக்காதீர்கள்

துவாலு என்றதும் "கடலில் மூழ்கப்போகிற நாடு" என்பதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு அதோடு சேர்ந்து இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த நாடு முன்னேறிவிட்டது என்று சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது.

பசிபிக் பெருங்கடலில் ஒன்பது தீவுகள், மொத்தமே 26 சதுர கிலோமீட்டர் நிலம், ஏறத்தாழ 11,000 பேர். 1986 முதல் ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இருக்கிறது. பட்டியலிலிருந்து வெளியே வர அளவுகோல்கள் மூன்று: தலைக்கு வருமானம், மக்களின் கல்வியும் உடல்நலமும், பேரிடரையும் பொருளாதார அதிர்ச்சியையும் தாங்கும் திறன். இரண்டில் தேறினால் போதும். முதல் இரண்டிலும் துவாலு தேறிவிட்டது. மூன்றாவதில் உலகத்திலேயே மோசமான நிலையில் இருக்கிற நாடுகளில் அதுவும் ஒன்று. 2012-லேயே பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்று பரிந்துரை வந்துவிட்டது. வெளியே வந்தால் பின்தங்கிய நாடுகளுக்கான சலுகைகள் போய்விடும். முடிவைத் தள்ளிப்போட்டார்கள், நல்லவேளை.

சரி, அந்த வருமானம் எங்கிருந்து வருகிறது? சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம், இணைய முகவரியின் முடிவில் வரும் '.tv' என்ற துவாலுவின் குறியீட்டைப் பிறர் பயன்படுத்துவதற்குக் கிடைக்கும் பணம், 1987-ல் தொடங்கிய அறக்கட்டளை நிதி. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் மீன் கூட்டம் இடம் மாறும், கட்டண வருமானமும் ஏறி இறங்கும். இதை 11,000 ஆல் வகுத்து வருகிற எண்ணை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்று எப்படிச் சொல்வது?

அங்கே புலாகா என்றொரு கிழங்கு உண்டு, நம் சேம்புக்குச் சொந்தம். பவளத் தரையைத் தோண்டி, மழைநீர் ஊறி நிற்கிற ஆழம்வரை போய், அந்தக் குழிக்குள் நடுவார்கள். செடியைச் சுற்றி ஓலைப் பின்னல் கட்டி, அதற்குள் இலைதழையைப் போட்டு மட்க வைப்பார்கள். மண்ணே இல்லாத இடத்தில் தலைமுறை தலைமுறையாக மண்ணை உண்டாக்கியிருக்கிறார்கள். இப்போது அடியிலிருந்து உப்புநீர் ஏறி, பல குழிகளில் கிழங்கு அழுகிப்போகிறது. இந்த இழப்பு தலைக்கு வருமானத்தில் எங்கேயும் தெரியாது. கிழங்குக்குப் பதிலாகக் கப்பலில் வந்த அரிசியைக் காசு கொடுத்து வாங்கினால் அது மட்டும் கணக்கில் ஏறிவிடும்.

2011-ல் மழை பொய்த்தபோது அவசரநிலை அறிவித்து, தலைநகர் ஃபுனாஃபுட்டியில் ஒரு வீட்டுக்கு நாளைக்கு 40 லிட்டர் தண்ணீர்தான் என்று அளந்து கொடுத்தார்கள். மறு ஆண்டுதான் அந்தப் பரிந்துரை வந்தது! பக்கத்துச் சமோவாவுக்கும் இப்படித்தான். பட்டியலிலிருந்து வெளியேறத் தேதி குறித்திருந்த நேரத்தில் 2009 செப்டம்பரில் சுனாமி அடித்தது. கடைசியில் 2014-ல்தான் வெளியே வந்தார்கள்.

சராசரியும் சதவீதமும் பெரிய நாடுகளுக்குச் சரிப்படலாம். ஆண்டுக்கு 250 பிரசவம் நடக்கிற ஊரில் ஒரே ஒரு குழந்தை இறந்தாலும் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு நான்கு கூடிவிடும். அந்த எண்ணை வைத்து மருத்துவமனை நன்றாக நடக்கிறதா இல்லையா என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம். அதைவிட, குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு இருக்கிறது, எத்தனை குழிகளில் இன்னும் கிழங்கு விளைகிறது, வெளித்தீவுக்குக் கப்பல் எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறது என்று எண்ணலாம். தாங்கும் திறனில் தேறாத நாட்டை மற்ற இரண்டைக் காட்டி வெளியே அனுப்பக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவோடு 2023-ல் போட்ட ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 280 பேர்வரை அங்கே நிரந்தரமாகக் குடியேறலாம். 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்கு நாட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் பெயர் கொடுத்தார்கள். ஆட்கள் போனாலும் மீன்பிடிக் கட்டணம் குறையாது. வகுக்கிற எண்தான் குறையும். ஊர் காலியாகக் காலியாக, அந்தக் கணக்கில் துவாலு பணக்கார நாடாகிக்கொண்டே போகும்.