பாதி ஊரை மட்டும் ரசிக்கிறவங்களுக்கு

நேத்து நடந்தது உங்கள்ல பாதிப்பேருக்கு தெரியும், அதனால முழுக்கதையும் திரும்ப சொல்லல. அமெரிக்காவோட மிசிசிப்பி மாநிலத்துல இருக்கற கொலம்பஸ் ஊரோட பழைய போட்டோ ஆல்பம், மேல “எவ்வளவு அழகான காலம்!”னு தலைப்பு, கீழ நூத்துக்கணக்குல ஹார்ட். நான் ஒரே ஒரு கமெண்ட் போட்டேன், இதே போட்டோகிராபர் எடுத்த மத்த படங்களையும் பாருங்கன்னு. ஒரு மணி நேரத்துல கமெண்ட் காணோம். “நல்ல போஸ்ட்ல நெகட்டிவிட்டி வேண்டாமே ப்ளீஸ்”னு இன்பாக்ஸ்ல மெசேஜ் வேற.

நெகட்டிவிட்டி இல்லைங்க. அது அந்த ஊரோட மிச்சப் பாதி.

ஓ.என். ப்ரூயிட்னு ஒரு வெள்ளைக்காரர், 1920ல இருந்து கிட்டத்தட்ட 1960 வரைக்கும் அந்த சின்ன ஊர்ல ஸ்டுடியோ வச்சு படம் எடுத்தவர். கல்யாணம், குழந்தைங்க, சர்க்கஸ், டோம்பிக்பீ ஆத்துல ஞானஸ்நானம், வெள்ளைக்காரங்க, கறுப்பினத்தவங்கன்னு எல்லாத்தையும் எடுத்தாரு. 80,000க்கும் மேல ஃபிலிம் நெகட்டிவ் இருக்கு. அதே மனுஷன் அதே ஊர்ல 1935 ஜூலைல இன்னொரு படமும் எடுத்தாரு. பெர்ட் மூர், டூலி மார்டன்னு ரெண்டு கறுப்பினத்தவங்க. போலீஸ் காவல்ல இருந்தவங்கள ஒரு கும்பல் பிடுங்கிட்டுப் போய் மரத்துல தூக்குல போட்டுச்சு. விசாரணையும் இல்ல, தீர்ப்பும் இல்ல. ஆத்துல நடந்த ஞானஸ்நானத்தப் படம் எடுத்த அதே கைதான் இதையும் எடுத்துச்சு. ஒன்ன வச்சுக்கிட்டு ஒன்ன ஒளிச்சு வச்சா அது ஊரோட வரலாறு இல்ல, அலங்காரம்.

ஆல்பத்துல மூணாவது படம் ஞாபகம் இருக்கா? ஒரு விவசாயி, பக்கத்துல கோவேறு கழுதை, கீழ “எளிமையான வாழ்க்கை”னு போட்டிருந்தாங்களே? அவர் பேரு சில்வெஸ்டர் ஹாரிஸ். கடனுக்கு நிலம் ஜப்திக்கு வந்துருச்சு, 1934ல நேரா வெள்ளை மாளிகைக்கே போன் போட்டு அப்ப ஜனாதிபதியா இருந்த ரூஸ்வெல்ட்கிட்ட பேசி நிலத்தக் காப்பாத்தின மனுஷன். ஒரு கறுப்பின விவசாயி, அந்தக் காலத்துல, மிசிசிப்பில இருந்து. அவரப் பத்தி மெம்பிஸ் மின்னிங்கற ப்ளூஸ் பாடகி பாட்டே பாடிருக்காங்க. இவ்வளவு பெரிய கதைக்கு மேல “எளிமை”ன்னு ஒரு ஸ்டிக்கர ஒட்டிட்டுப் போறது எப்படி மனசு வருதுன்னு எனக்குப் புரியவே இல்ல.

“அமெரிக்காக்காரன் ஊர் விஷயம், உனக்கென்ன”ன்னு ஒருத்தர் கேட்டாரு. அதே ஊர்க்காரரே சொன்னா ஒத்துப்பீங்களா? அந்த நெகட்டிவ் எல்லாம் குப்பைக்குப் போகாம காப்பாத்தி, புத்தகமாப் போட்டது பெர்க்லி ஹட்சன், கொலம்பஸ்லயே பொறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். அவர் ரெண்டு பாதியையும்தான் சேர்த்து வச்சாரு. ஊர் மேல பாசம் இருந்ததாலதான் வச்சாரு.

இன்னொருத்தர், “அந்த மாதிரிப் படத்தப் பரப்பறது செத்தவங்களுக்கு அவமரியாதை”ன்னாரு. இது நியாயமான பேச்சு, மதிக்கிறேன். அதனாலதான் நானும் அந்தப் படத்த எங்கயும் போடல, போடவும் மாட்டேன். ஆனா படத்தப் போடாம இருக்கறது வேற, நடந்ததச் சொன்ன வரிய அழிக்கறது வேற.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்குதுன்னா, அந்த ஊர்ப் பக்கம் நான் வேலை பாத்தப்ப கூட வேலை பாத்த ஒரு அம்மா, ரிட்டயர் ஆகப்போற வயசு, ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டாங்க. கணப்புக்கு மேல அவங்க பாட்டியோட ஸ்டுடியோ படம். எடுத்தது ப்ரூயிட்டா வேற யாராவதான்னு அவங்களுக்கே தெரியாது. வெள்ளை காலர், ஒரு கை நாற்காலி முதுகை இறுக்கிப் பிடிச்சிருக்கு, விரல் கணுவெல்லாம் பருத்தி பறிச்சுப் பறிச்சு தடிச்சுப் போயிருக்கு. பாட்டியோட படம் அது ஒன்னுதான் மிச்சம்னாங்க. “அவ இந்த ஊர்ல ராத்திரி வெளிய வரமாட்டா”ன்னு சொல்லிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் கீரை வச்சாங்க. நம்மாளுங்க ஹார்ட் போட்ட அந்த அழகான காலம் இந்தப் பாட்டியோட காலம்தான். அந்த கை அந்த ஆல்பத்துல எங்க இருக்கு சொல்லுங்க?

தூண் வச்ச பெரிய பெரிய வீடுங்க படத்துக்குத்தான் அதிக லைக். பருத்திக் காசுல, அடிமைங்க உழைப்புல எழும்பின வீடுங்க. அழகா இருக்குன்னு சொல்லுங்க, நானும் சொல்வேன். யார் கட்டினாங்கன்னு ஒரு வரி எழுதினா உங்க காலைக் காப்பி கசந்துருமா?

சரி, என் கமெண்ட்டத் திரும்பப் போட வேண்டாம். என்ன ப்ளாக் பண்ணாலும் பரவால்ல. மூணாவது படத்துக்குக் கீழ “எளிமையான வாழ்க்கை”ய எடுத்துட்டு சில்வெஸ்டர் ஹாரிஸ்னு அந்த மனுஷன் பேரப் போடுங்க. இன்னைக்கே போடுங்க.