கரகல்லா குளியல் மாளிகை: மேலே பார்த்தது போதாது, கீழேயும் இறங்குங்கள்

ரோம் போய் வருகிறவர்கள் எல்லாரும் கொலோசியத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த நகரத்தில் என்னை உலுக்கிய இடம் கரகல்லா குளியல் மாளிகையின் இடிபாடுதான். சிர்கோ மாசிமோ மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

பேரரசன் கரகல்லாவின் ஆட்சியில், கி.பி. 216-இல் திறந்த பொதுக் குளியல் கட்டடம். கூரை போய்விட்டது. சுவர்கள் மட்டும் சில இடங்களில் 30 மீட்டர் அளவுக்கு இன்னும் நிற்கின்றன. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. ஒரே நேரத்தில் சுமார் 1,600 பேர் குளிக்கலாம் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. குளிர்நீர்க் கூடம், இளஞ்சூட்டுக் கூடம், வெந்நீர்க் கூடம், வானம் பார்த்த நீச்சல் குளம், உடற்பயிற்சி முற்றங்கள், சுற்றுச்சுவரை ஒட்டி நூலகம், தோட்டம். வெந்நீர்க் கூடம் வட்டமானது, அதன் மேலிருந்த குவிமாடம் மட்டும் ஏறக்குறைய 35 மீட்டர் அகலம். ரோமானியர்கள் பெரும்பாலும் பிற்பகலில்தான் குளிக்க வருவார்கள். அதனால் அந்தக் கூடத்தைத் தென்மேற்குப் பக்கம் தள்ளிக் கட்டி, பெரிய ஜன்னல்கள் வழியாக வெயிலையும் உள்ளே வரவைத்திருக்கிறார்கள்.

நீச்சல் குளத்தின் விளிம்புக் கல்லில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. யாரோ உட்கார்ந்து விளையாடுவதற்காகச் செதுக்கியவை. அங்கே நான் வெகுநேரம் நின்றேன். தூண்களும் சிலைகளும் பேரரசனின் விருப்பம். இந்தக் குழிகள் குளிக்க வந்தவர்களின் விருப்பம்.

என் கருத்து இதுதான். இந்த மாளிகையின் உண்மையான பெருமை அதன் அளவில் இல்லை, அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதில் இருக்கிறது. ரோமில் பொதுக் குளியலுக்குக் கட்டணம் மிகச் சொற்பம், பல நேரம் அதுவும் கிடையாது. வீட்டில் ஒரு ஜன்னல்கூடச் சரியாக இல்லாத ஒருவன், பளிங்குத் தரையில் நடந்துபோய் ஹெர்குலிஸ் சிலைக்கு அருகில் உட்காரலாம். நகரத்திலேயே அழகான கூடம் பொதுமக்களுக்கு என்ற எண்ணம் பெரிய எண்ணம். 1910-இல் நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தைக் கட்டியவர்கள் இந்தக் கூடத்தைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். ரயிலுக்குக் காத்திருக்கும் சாதாரண ஆளுக்கு அப்படி ஒரு கூடம்! 1963-இல் அதையும் இடிக்கத் தொடங்கினார்கள் என்பது வயிற்றெரிச்சல்.

ஆனால் மேல்தளத்தோடு நிறுத்திக்கொண்டு இந்தக் கட்டடத்தைப் புகழ்வது எனக்கு ஒப்பவில்லை.

தரைக்குக் கீழே சுரங்கப் பாதைகள் ஓடுகின்றன, வண்டிகள் போகும் அளவுக்கு அகலமாக. ஐம்பது அடுப்புகள் வரை எரிந்திருக்கின்றன, ஒரு நாளைக்குப் பத்து டன் அளவுக்கு விறகு தேவைப்பட்டிருக்கும் என்று கணிக்கிறார்கள். மேலே சூடாக வேண்டிய கூடங்களின் தரை சின்னச் சின்னச் செங்கல் தூண்களின் மேல் நிற்கும். அடுப்பின் அனலும் புகையும் அந்த இடைவெளியில் புகுந்து, சுவருக்குள் பதித்த சுடுமண் குழாய்கள் வழியாக மேலேறும். குளிக்கிறவர் கண்ணுக்கு நெருப்பும் தெரியாது, நெருப்பைப் போடுகிறவரும் தெரியமாட்டார். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். கோடையிலும் அதே அனல், அதே இருட்டு, அதே புகை.

எங்களுக்கு விளக்கம் சொன்ன வழிகாட்டி பளிங்கு எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைப் பத்து நிமிடம் சொன்னார். அடுப்படி ஆட்களுக்கு ஒரே ஒரு வாக்கியம். எனக்குக் கோபம் வந்தது. அந்த ஆட்கள் இல்லாமல் மேலே வெந்நீர் ஏது?

பேரரசன் கரகல்லாவைப் பற்றியும் முழுதாகச் சொல்ல வேண்டும். 211-இல் தம்பி கேத்தாவைத் தாயின் கண்முன்னே கொல்லவைத்து, கல்வெட்டுகளிலிருந்து அவன் பெயரைச் செதுக்கி எடுக்கவைத்தவன். 212-இல் பேரரசின் சுதந்திர மக்கள் அனேகமாக எல்லாருக்கும் குடியுரிமை கொடுத்தவனும் இவனே. மாளிகை திறந்த மறு வருடமே கொல்லப்பட்டான். கட்டடம் அவனைவிட முந்நூறு ஆண்டுகள் கூடுதலாக உழைத்தது. 537-இல் ரோமை முற்றுகையிட்ட கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தவர் நீர்க்கால்வாய்களை வெட்டியதோடு குளியல் நின்றது.

அப்புறம் சூறை. 1540-களில் போப் மூன்றாம் பவுல் இங்கே தோண்டவைத்தார். கிடைத்த ஹெர்குலிஸ், பெரிய காளைச் சிற்பம் எல்லாம் அவருடைய ஃபர்னேசே குடும்பத்து மாளிகைக்குப் போயின. ஊருக்கே பொதுவாக நின்றவை ஒரு குடும்பத்தின் முற்றத்துக்குப் போனதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. இன்று அவை நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அந்த மட்டில் சந்தோஷம்.

2024-இல் தோட்டப் பக்கம் ஆழமில்லாத ஒரு நீர்ப்பரப்பை அமைத்திருக்கிறார்கள், இடிபாடு அதில் பிரதிபலிக்கும். அழகுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் கேட்பது வேறு. நிலத்தடிப் பாதைகளில் ஒரு பகுதியைச் சீரமைத்துத் திறந்திருக்கிறார்கள். அதை விருப்பப்பட்டவர் பார்க்கும் கூடுதல் காட்சியாக வைக்காமல், எல்லாரும் முதலில் அங்கேதான் இறங்க வேண்டும் என்று பாதையை மாற்ற வேண்டும். அடுப்பைப் பார்த்துவிட்டு மேலே ஏறி அந்தப் பளிங்கைப் பார்க்கட்டும்.

ரோம் போகிறவர்கள், நிலத்தடிப் பகுதி அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள்.