எல்லிஸைத் திட்டுங்கள், படித்துவிட்டுத் திட்டுங்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். லிங்க் போட மாட்டேன், அந்தப் புண்ணியத்தை வேறு யாராவது கட்டிக்கொள்ளட்டும். "எல்லிஸ் பாதிரி ஆரம்பித்தார், கால்டுவெல் பாதிரி முடித்தார், திராவிட மொழிக்குடும்பம் ரெடி" என்று, எல்லாம் வெள்ளைக்காரச் சதி என்கிற தொனியில், அண்ணன் முழங்குகிறார். அரங்கம் கைதட்டுகிறது.

எல்லிஸ் பாதிரியாம்! பிரான்சிஸ் வைட் எல்லிஸ் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர், சென்னைக் கலெக்டராக இருந்தவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்தில் பிறந்தவையல்ல, தமக்குள் உறவுள்ளவை என்று அவர் காட்டியது 1816-ல், கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்பில். கால்டுவெல்லுக்கு அப்போது 2 வயது. அந்தக் குறிப்புக்குத் தெலுங்கு வேர்ச்சொற்களைத் தொகுத்துத் தந்தவர் பட்டாபிராம சாஸ்திரி, சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் சமஸ்கிருத, தெலுங்குத் தலைமை ஆசிரியர். சாஸ்திரியும் சதியில் கூட்டோ?

படித்துவிட்டுப் பேசுங்கள். இவ்வளவுதான் கமெண்டில் கேட்டேன். அதற்குத்தான் 'வெள்ளைக்கார அடிவருடி' பட்டம். போட்டவர்களில் இரண்டு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

"வரி வசூலிக்கத்தானே அவன் தமிழ் படித்தான்?" ஆமாம், வேறெதற்கு? 1812-ல் கோட்டைக் கல்லூரியைத் திறந்ததே, கப்பலில் வந்திறங்கிய பொடியன்களுக்கு ஊர்மொழி புகட்டி அதிகாரிகளாக்கத்தான். அதனால் அந்த 1816 குறிப்பு பொய்யாகிவிடுமா? "இப்போது இது தேவையா?" என்பவர்களுக்குப் பதில் கிடையாது.

மாலை போடுகிற கோஷ்டியும் லேசுப்பட்டதல்ல. எல்லீச துரை குறளுக்கு உரை எழுதினார், வள்ளுவர் காசு அடித்தார், ராயப்பேட்டைக் கிணற்றுக் கல்வெட்டில் 'இருபுனலும்' குறளைப் பொறித்தார். வருஷா வருஷம் இதே மூன்று வரி. அந்தக் கிணறு வெட்டிய அதே 1818-ல் அச்சான எல்லிஸின் மிராசு அறிக்கையை, அதாவது பரம்பரை நில உரிமை பற்றிய அறிக்கையை, இவர்களில் யார் தொட்டிருக்கிறார்கள்? அரசாங்கம் கேட்ட 17 கேள்விகளுக்குப் பதில் அது. தொண்டை மண்டலத்தில் காணி யாருக்கு, அதை விற்கலாமா, மிராசுதாரருக்கு என்னென்ன பங்கு என்று ஊர் ஊராக விவரம். எல்லிஸின் சிரஸ்தார், அதாவது கச்சேரித் தலைமை எழுத்தர், சங்கரய்யாவின் உழைப்பும் அதில் இருக்கிறது. அவருக்கு எந்த மேடையிலும் ஒரு துண்டுகூடக் கிடையாது.

நான் அதைப் படித்ததற்குக் காரணம் எங்கள் ஆயா. செங்கல்பட்டுப் பக்கம். "நாங்க அந்த வூட்டுப் படியாளுங்கடா" என்பாள், ஏதோ ரேஷன் கார்டு விவரம் சொல்கிற மாதிரி. படியாள் என்றால் பண்ணையடிமை. நிலத்தோடு சேர்த்துக் கட்டிப்போடப்பட்ட பறையர்களைப் பற்றி அந்த அறிக்கையில் வருகிறது. அடிமைகள் என்றே வருகிறது. சட்டம் பேசுகிற நிதானத்தோடு, வரப்பு, வாய்க்கால் கணக்கு மாதிரி எழுதியிருக்கிறார் மனிதர். மிராசு உரிமையைக் காப்பாற்றத்தான் அவ்வளவு வாதமும். எங்கள் ஆட்களின் உரிமை அவர் கவலையில்லை.

எனக்கு எல்லிஸ் மேல் கோபமில்லை என்று யார் சொன்னது? உங்களைவிட அதிகம் இருக்கிறது. ஆனால் அது படித்ததால் வந்த கோபம். நீங்கள் திட்டுவது வாட்சப்பில் வந்த ஒரு பாதிரியை, அப்படி ஒரு ஆளே கிடையாது.

இதில் எனக்கு தேசபக்திப் பாடம் வேறு. எடுக்க வந்தவர், தாத்தா காலத்து மிராசுப் பத்திரத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பவர். போன பொங்கலுக்குப் போட்டோகூடப் போட்டிருந்தார். நானும் லைக் போட்டேன்.