சுகாதாரச் சோதனை எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு உணவகத்தின் சமையலறையில் சில காலம் வேலை பார்த்திருக்கிறேன். சுகாதார ஆய்வாளர் வருகிறார் என்ற தகவல் எப்படியோ முன்கூட்டியே வந்துவிடும். உடனே தரையைத் தேய்த்துக் கழுவுவோம், குப்பைக்கூடையை மறைவாக வைப்போம், தலைக்குத் தொப்பி போட்டுக்கொள்வோம். வந்தவர் சுவரையும் தரையையும் பார்ப்பார், லைசென்ஸைக் கேட்பார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

ஒருமுறை மட்டும் வேறொருவர் சொல்லாமல் வந்தார். நேராக ஃபிரிட்ஜைத் திறந்தார். முதல்நாள் ராத்திரி மிஞ்சியதை ஒரு பெரிய பாத்திரத்தில் மூடி வைத்திருந்தோம். பையிலிருந்து ஊசி மாதிரியான தெர்மாமீட்டரை எடுத்து, நுனியைத் துடைத்து, பாத்திரத்தின் நடுவில் இறக்கினார். வெளியே தொட்டால் ஜில்லென்று இருந்தது. நடுவில் 24 டிகிரி.

"ராத்திரி முழுக்க உள்ளேதான் சார் இருந்துச்சு" என்றார் மாஸ்டர்.

"உள்ளே இருந்தது சரி, ஆறவே இல்லையே" என்றார் அவர்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அதன் வித்துகள் சாகாது. பெரிய பாத்திரத்தில் உணவு மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். வாசனையோ ருசியோ மாறியிருக்காது. மறுநாள் கொதிக்க வைத்துவிட்டால் போதும் என்றுதான் நாங்களும் நம்பினோம். ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. அவர் சொன்ன வழி ரொம்ப எளிது. ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து வையுங்கள், 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு வர வேண்டும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு வர வேண்டும், அவ்வளவுதான். பத்து நாள் கழித்து மறுபடியும் சொல்லாமல் வந்து, அதே ஊசியை இறக்கிப் பார்த்தார். 4 டிகிரி இருந்தது. அத்தனை வருடமாக வந்து போனவர்களில் ஒருவர்கூட இதை எங்களுக்குச் சொல்லித் தரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. கெட்டுப்போன, கிருமி கலந்த உணவால் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 60 கோடிப் பேர் நோயாளி ஆகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கணக்குச் சொன்னது. இறப்பவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

கேமராவோடு போய், நாலு மூட்டையைக் கொட்டி அழிப்பதைச் சோதனை என்று காட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. அடுத்த வாரம் அந்தக் கடையில் என்ன நடக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? சாப்பிடப் போகிறவருக்குத்தான் ஆய்வாளரின் சோதனை அறிக்கை முதலில் தெரிய வேண்டும். டென்மார்க்கில் 2001-இலிருந்து, சிரிக்கும் முகம், வாடிய முகம் போட்ட சோதனை அறிக்கையைக் கடை வாசலில் ஒட்டியாக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 1998-இலேயே ஏ, பி, சி என்று மதிப்பெண் அட்டை வந்துவிட்டது. அட்டை அடித்து மாட்ட என்ன பெரிய செலவு ஆகிவிடும்? அலமாரியில் பூட்டி வைக்கிற அறிக்கையால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. சுத்தமாக நடத்துகிற கடைக்காரருக்கும் அது வாசலில் இருப்பதுதான் மரியாதை.

கையுறையையும் சொல்ல வேண்டும். அதே கையுறையோடு பணத்தை வாங்கி, கரித்துணியால் மேடையைத் துடைத்து, அப்படியே பரிமாறினால் அது வெறும் கையைவிட மோசம். அதற்குச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவிய கையே மேல்.

எங்களோடு பாத்திரம் கழுவிய ஒரு தம்பி, ராத்திரி முழுக்க வாந்தி எடுத்துவிட்டுக் காலையில் வேலைக்கு வந்து நின்றான். கண் உள்ளே போயிருந்தது. வீட்டுக்குப் போடா என்றால், "போனா இன்னிக்குக் கூலி போயிடும்ணே" என்றான். நோரோவைரஸ் மாதிரி வாந்தி, பேதியைக் கொண்டுவரும் கிருமி ஒன்று அப்படித்தான் ஒருவரிடமிருந்து ஒரு கூட்டத்துக்கே பரவுகிறது. வாந்தி, பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவைத் தொடக் கூடாது என்பது சுகாதாரத் துறைகள் சொல்லும் விதி. அந்த 48 மணி நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பது? ஆய்வாளர் கையில் இருக்கும் படிவத்தில் தரை, சுவர், வடிகால் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. காய்ச்சலில் படுக்கிற தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு உண்டா என்று கேட்க, அதில் இன்னும் ஒரே ஒரு கட்டம் சேருங்கள்.