2520 மட்டும்தானா? பரவும் செய்தியில் உள்ள பிழை

கொழும்பில் பல பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் ஒரே எண் 2520. அதைக் கண்டுபிடித்தவர் இராமானுஜன்."

இரண்டும் தவறு. வெள்ளவத்தையில் என்னிடம் படிக்கும் தரம் 7 மாணவி இதைக் கொப்பியில் எழுதிவந்து காட்டினாள். பக்கத்திலேயே 5040 என்று எழுதி வகுக்கச் சொன்னேன். 7ஆல் வகுக்க 720, 8ஆல் 630, 9ஆல் 560. எங்கும் மீதி வரவில்லை. அடுத்து 7560, பிறகு 10080. 2520இன் மடங்குகள் அனைத்துக்கும் இந்தப் பண்பு உண்டு. அவற்றுக்கு முடிவே இல்லை.

2520 அவற்றுள் மிகச் சிறியது. 8, 9, 5, 7 ஆகியவற்றைப் பெருக்கினால் கிடைப்பது. பாடசாலையில் கற்கும் பொது மடங்குகளுட் சிறியதுதான். இதைக் காண ஒரு மேதை பிறக்க வேண்டியதில்லை.

இராமானுஜன் செய்தது இதைவிட எவ்வளவோ ஆழமானது. தன்னிலும் சிறிய எந்த எண்ணைவிடவும் அதிக காரணிகள் கொண்ட எண்களை அவர் ஆராய்ந்து, 1915இல் நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். 48 காரணிகள் கொண்ட 2520 அந்தக் கட்டுரையில் உள்ள பட்டியலில் ஓர் எண், அவ்வளவே. பட்டியலின் இறுதி எண் 6746328388800. அதற்கு 10080 காரணிகள்! கணினி இல்லாத காலத்தில் கையால் எட்டிய உயரம் அது. பிள்ளைகளுக்குச் சொல்வதானால் அதைச் சொல்லுங்கள்.

வாரத்தின் 7 நாட்கள், மாதத்தின் 30 நாட்கள், ஆண்டின் 12 மாதங்களை வைத்து "7 × 30 × 12 = 2520, ஆகவே காலத்தின் இரகசியம்" என்று அதே செய்தியில் வரும் பின்குறிப்பில் பெருக்கல் மட்டுமே சரி. 30 × 12 = 360, ஆனால் ஆண்டுக்கு 360 நாட்கள் இல்லை.